கொக்கு தோற்றுக்கொண்டே இருந்த வருடம்

“...மீ நோ லக்கி, சார். லேடர் லக்கி. மேல யாரு நின்னாலும் லக்கி. மீ கோ டவுன், ஷாகுல் பாய் கோ அப், சேம் சேம் லக்கி!”

முருகேசன் இதைச் சொன்னபோது அவன் தலை எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்துக்கு மேலே உள்ளதெல்லாம் சீலிங்குக்குள் இருந்தது. இரண்டு கால்கள் ஏணியில், ஒரு கை இடுப்பில். ஏசியே வாய் திறந்து பேசுகிற மாதிரி இருந்தது.

கீழே சோபாவில் கிளி சார். மடியில் சோளப்பொரிக் கிண்ணம், கையில் ரிமோட். டிவியில் ஆட்டம் அப்படியே உறைந்து நின்றது. தோளில் தலைகாணி கட்டிய மாதிரி இருந்த ஆட்கள் இருபது பேருக்கு மேல் குனிந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிளி சார் ஏணியை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு ஷாகுல் பாயாகிய என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன். நான் அப்போது இருந்த எடைக்கு அந்த ஏணி என்னைப் பார்த்திருந்தால் அது தானாகவே மடங்கிப் படுத்திருக்கும்.

அந்த ஏணியில்தான் அன்றைக்கு முருகேசனின் தாய்மாமன் பதவியும் நின்றுகொண்டிருந்தது. அது எப்படி என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிளியும் கொக்கும்

ஓமானின் சோஹார் துறைமுகத்தில் நான் கிரேன் பார்த்துக் கும்பிடு போட்ட கதையைப் போன வாரம் எழுதினேன். ‘பாய், நீங்கள் ஒரு இடத்திலாவது ஒழுங்காக வேலை பார்த்தீர்களா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பார்த்தேன் அம்மா. சவுதியில், அல் கோபாரில் பார்த்தேன்.

வெளிநாட்டு இன்ஜினியர்கள் குடியிருக்கும் ஒரு காம்பவுண்டில் ரிக்ரியேஷன் ஹால் என் பொறுப்பு. பில்லியர்ட்ஸ் மேஜையைத் துடைப்பேன். சுலைமானி டீ போட்டு வைப்பேன். டிவி ரிமோட்டுக்குக் காவல் இருப்பேன். இந்த மூன்றில் கடைசியதுதான் கஷ்டம்.

மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குப் பெரிய தலை கிளிஃபோர்ட் என்ற அமெரிக்கர். ஆறடிக்கு மேல் உயரம். வெயிலில் சிவந்து வளைந்த மூக்கு. பெயரையும் மூக்கையும் சேர்த்துப் பார்த்தால் ‘கிளி சார்’ என்பதைத் தவிர எங்கள் ஆட்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவருக்கு ஊரில் ஒரு ஃபுட்பால் டீம். நம் ஃபுட்பால் இல்லை. இது அவர்கள் ஃபுட்பால். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். வரிக்குதிரைச் சட்டை போட்ட நடுவர் திடீரென்று ஒரு மஞ்சள் கைக்குட்டையை வீசுவார். எதற்கு என்று எனக்கு இன்று வரை தெரியாது.

லாண்ட்ரியில் இருந்த யாழ்ப்பாணத்து நடராஜா அண்ணை ஒருநாள் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னடாப்பா இது, உவங்கள் பந்தைக் காலாலை தொடுறதே இல்லை. பிறகேன் இதுக்கு ஃபுட்போல் எண்டு பேர்? எழும்புறதும் விழுறதும்தான் விளையாட்டெண்டால், என்ரை லாண்ட்ரி மிஷினுக்குக் கப் குடுக்கோணும்.”

கிளி சாரின் டீம் ஹெல்மெட்டில் ஒரு நீளக்கால் பறவை வரைந்திருக்கும். நாங்கள் அதைக் கொக்கு டீம் என்றோம். அந்த வருடம் கொக்கு ஒரு மேட்ச் கூட ஜெயிக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம். முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை தோற்றது. வெயிலில் தோற்றது, பனியில் தோற்றது, சொந்த ஊரில் தோற்றது, எதிராளி ஊரிலும் போய் மரியாதையாகத் தோற்றுவிட்டு வந்தது.

திங்கட்கிழமை முகம்

அவர்கள் ஊரில் ஞாயிறு மத்தியானம் நடக்கிற ஆட்டம் எங்களுக்கு ராத்திரியில் வரும். கிளி சாருக்கு விடிகாலை டியூட்டி. அதனால் சீக்கிரம் படுத்துவிடுவார். ஆட்டத்தை வீடியோ கேசட்டில் பதிவு பண்ணி வைப்பது என் வேலை. திங்கட்கிழமை சாயந்திரம் டியூட்டி முடிந்து வந்து, ஷூவைக் கழற்றி, அப்போதுதான் நடக்கிற மாதிரி பார்ப்பார்.

ஆகவே திங்கட்கிழமை பகல் முழுக்க அவருக்கு யாரும் முடிவைச் சொல்லிவிடக் கூடாது. கம்ப்ரஸர் ரூமில் சத்தத்துக்காகக் காதில் மாட்டுவார்களே இயர்மஃப், அதை மாட்டிக்கொண்டு ஆபீஸ் வருவார். மீட்டிங்கிலும் கழற்ற மாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். கிளி சார் அதிகம் சரி சொன்னது திங்கட்கிழமைகளில்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

நான் முடிவு தெரிந்தவன். பதிவாகும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். “வாயால் மட்டுமில்லை ஷா, முகத்தாலும் சொல்லக் கூடாது” என்று என்னிடம் கை நீட்டிச் சத்தியம் வாங்கியிருந்தார். ஷாகுல் என்ற என் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் அவருக்குப் பிடிபட்டது.

அதனால் திங்கட்கிழமைக்கென்று ஒரு முகம் பழகினேன். சிரிக்கவும் கூடாது, உம்மென்றும் இருக்கக் கூடாது. கண்ணாடி பார்த்துப் பழகினேன். ஊறப்போட்ட பிஸ்கட் மாதிரி இருக்கும். அந்த முகத்தோடு ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு போன் பேசினேன். என் மனைவி குரலிலேயே கண்டுபிடித்து, “என்னத்த மறைக்கிறீங்க?” என்று கேட்டாள். கொக்கு தோற்றதை மறைக்கிறேன் என்று சொன்னால் நம்புவாளா?

ராசி பிறந்த விதம்

முருகேசன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். ஏசி மெக்கானிக். ஒரு திங்கட்கிழமை ஹால் ஏசி ஒழுகுகிறது என்று கம்ப்ளெய்ன்ட் போய், ஏணியோடு வந்தான். சீலிங்கைத் திறந்து தலையை உள்ளே விட்டான். அந்த நேரத்தில், பல வாரங்களுக்குப் பிறகு, கொக்கு ஒரு டச்டவுன் போட்டது, அதாவது பந்தை எதிராளி எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கிளி சார் துள்ளினார். முருகேசன் ஸ்பானர் எடுக்கக் கீழே இறங்கினான். கொக்கு பந்தைத் தவறவிட்டது.

“அப்! அப்!” என்று கத்தினார் கிளி சார். பயந்துபோய் மறுபடி ஏறினான். கொக்கு பந்தைப் பிடித்தது.

அன்றைக்கும் கொக்கு தோற்றது. ஆனால் எப்போதும் போல நாறவில்லை, கொஞ்சம் கௌரவமாகத் தோற்றது. அது போதாதா? அடுத்த திங்களிலிருந்து, ஆட்டம் ஓடும்போதெல்லாம் முருகேசன் ஏணியில். அதற்கு ஆபீஸ் கணக்கில் ஒரு வேலை காட்ட வேண்டுமே? வாராவாரம் கிளி சாரே கம்ப்ளெய்ன்ட் போட்டார், ‘ஹால் ஏசி ஒழுகுகிறது’ என்று. காகிதத்தை மட்டும் பார்த்தால், அந்தப் பாலைவனத்திலேயே தண்ணீர் வற்றாத இடம் எங்கள் ஹால்தான்.

நான் ஒருநாள் முருகேசனிடம் கேட்டேன். “நேத்தே முடிஞ்சுபோன ஆட்டம்டா இது. முடிஞ்ச ஆட்டத்துக்கு ராசி எப்படிடா வேலை செய்யும்?”

“பாய், புள்ள பொறந்து முடிஞ்ச பெறகுதான் ஜாதகம் எழுதுறோம். அது வேல செய்யலயா?”

எனக்கு ஜாதகத்தில் பழக்கம் இல்லை. கிளி சாரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் இயர்மஃபைக் கழற்றிவிட்டுப் பதில் சொன்னார்.

“முடிந்தது உனக்கு, ஷா. எனக்கு இன்னும் முடியவில்லை.”

மனுஷர்கள் போகிற போக்கில் சொல்கிற வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. ஷார்ஜா தொழில்பேட்டையில் வெல்டிங் கடையில் நின்ற காலத்திலேயே தொற்றிய நோய். கிளி சாரின் இந்த வார்த்தையை அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

பவித்ராவின் காது

முருகேசனுக்கு ஒரே தங்கை, செல்வி. அவளுக்கு ஒரே மகள், பவித்ரா. அந்தப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் மடியோ அல் கோபாரில் ஏணி மேல் நின்றது.

கைக்குழந்தையாக இருக்கும்போது குத்துவதாகப் பேச்சு. இவனுக்காகத் தள்ளிப்போட்டார்கள். பிள்ளை தவழ்ந்தது, தள்ளிப்போட்டார்கள். நடந்தது, தள்ளிப்போட்டார்கள். இப்போது போனில் வந்து “மாமா, எனக்கு மிட்டாய் வேணாம், கம்மல் வேணும்” என்று முழு வாக்கியமாகப் பேசுகிறது.

செல்வி போனில் கத்துவது எனக்கே கேட்கும். “அண்ணே, நீ வர்றதுக்குள்ள அவளே நடந்து போயி ஆசாரிகிட்ட குத்திக்கிட்டு வந்துருவா!”

கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் பொறுமை இழந்தார்கள். தை பிறந்ததும் காதுகுத்து. முருகேசன் வந்தால் அவன் மடி. வராவிட்டால் அவன் சித்தப்பா மகன் பாண்டி மடி. அவனும் ஒரு வகையில் தாய்மாமன்தானே என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பாண்டி பெயரைக் கேட்டாலே முருகேசனுக்கு ஏசிக்காரன் என்பதும் மறந்து உடம்பு சூடாகிவிடும். “அவன் மடியில உக்காந்தா புள்ளைக்கிப் பீடி நாத்தம் அடிக்கும் பாய். காலத்துக்கும் அவ போட்டோவுல அவன் மூஞ்சி இருக்கும். நான் கம்மல் வாங்கி வச்சிருக்கேன், அவன் மடி குடுப்பானாம்!”

லீவுக் காகிதத்தில் கிளி சார் கையெழுத்துப் போட வேண்டும். முருகேசன் போய்க் கேட்டான். கிளி சார் கெட்ட மனுஷரில்லை. ரொம்ப யோசித்தார். பிறகு எழுந்து நின்று கை கொடுத்தார்.

“நீ போனால் ராசியும் போய்விடும். முதல் வெற்றி வரட்டும். மறுநாளே நீ போகலாம்.”

முருகேசன் சந்தோஷமாக வந்து சொன்னான். கொக்கைப் பற்றித் தெரிந்த நான் சுலைமானி கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

மிளகாய் சுற்றிய திங்கட்கிழமை

அன்றிலிருந்து கிளி சாரை விட முருகேசனுக்குத்தான் கொக்கு மேல் அக்கறை. ஏணியில் நின்றபடியே, சீலிங்கிலிருந்து தலையை வெளியே எடுத்து எட்டிப் பார்ப்பான். “அந்த ஒல்லிப்பய கையில எண்ணெ தடவிட்டு வர்றானா? பந்து நிக்கவே மாட்டேங்குது!” கிளி சாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையாட்டுவார். கவலைக்குப் பாஷை தேவைப்படவில்லை.

“திருஷ்டி பாய்,” என்றான் ஒருநாள். “எத்தன ஆயிரம் பேரு உக்காந்து பாக்குறான். கண்ணு படாம என்ன பண்ணும்?”

மெஸ்ஸிலிருந்து வற்றல் மிளகாயும் உப்பும் வாங்கி வந்தான். ஆட்டம் தொடங்கியதும் டிவியை மூன்று முறை சுற்றி, ஒரு தட்டில் எரிகிற கரித்துண்டு போட்டு அதில் கொட்டினான். நெடி கிளம்பியது. கிளி சார் இருமினார். நான் தும்மினேன். “பாத்தியா பாய், எவ்வளவு திருஷ்டி!” என்றான் அவன்.

அப்போது ஃபயர் அலாரம் அடித்தது.

காம்பவுண்ட் முழுக்க வெளியே வந்து கார் பார்க்கிங்கில் நின்றது. சிலர் துண்டோடு, ஒருவர் பாதி ஷேவிங்கோடு. செக்யூரிட்டி தலைகளை எண்ணுகிறார், கிளி சார் மட்டும் ஹாலுக்குத் திரும்ப ஓடுகிறார். தடுத்தால் திமிறுகிறார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று எல்லோரும் பதற, அவர் கத்துகிறார்: “நான் டேப்பை நிறுத்தாமல் வந்துவிட்டேன்!”

அந்த வாரமும் கொக்கு தோற்றது. திருஷ்டியைக் குறை சொல்ல முடியாது, அது போய்விட்டது.

இன்டர்வெல் மட்டும்

இப்படியே மார்கழி வந்துவிட்டது. ஜனவரியில் பிளான்ட்டில் ஷட்டவுன் வேலை. முன்கூட்டியே கையெழுத்து வாங்காத மெக்கானிக் ஒருவனையும் விட மாட்டார்கள். லீவு வேண்டியவர்கள் செவ்வாய்க்கிழமை காலைக்குள் கையெழுத்து வாங்கி ஆபீஸில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பங்குனி வரை லீவு மாஃபி. கிடையவே கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் முருகேசன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். சோற்றைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்தான். நான் பிஸ்கட்டாக இருந்தேன்.

“பாய், ஜெயிச்சுச்சா?”

“சத்தியம் பண்ணியிருக்கேன்டா. முடிவச் சொல்ல மாட்டேன்.”

மோரைக் கலக்கினான். “முடிவு வேணாம் பாய். கிளைமாக்ஸ நீயே வச்சுக்க. இன்டர்வெல் மட்டும் சொல்லு. நடுவுல எங்கயாச்சும் நம்ம ஆளுக முன்னாடி போறாய்ங்களா?”

யோசித்துப் பார்த்தேன். நான் கொடுத்த சத்தியம் முடிவுக்குத்தான். நடுவில் நடப்பதைப் பற்றி யாரும் என்னிடம் வாங்கவில்லை.

“போறாய்ங்க,” என்றேன். “கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒரு டச்டவுன் போட்டு முன்னாடி போறாய்ங்க.”

“அதுக்கு முன்னாடி ஒருதடவ இருமு பாய். போதும்.”

என்ன செய்யப் போகிறான் என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்தான். இரண்டு ஆள் சோறு சாப்பிட்டான்.

ஏணிக்குக் கீழே, ஏணிக்கு மேலே

சாயந்திரம் கொக்கு எதிராளி எல்லை வரை வந்து குனிந்து நின்றது. நான் இருமினேன். முருகேசன் சீலிங்குக்குள்ளிருந்து கைதட்டி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னான். அப்போதுதான் சொன்னான், ராசி தனக்கு இல்லை, ஏணிக்குத்தான் என்று.

கிளி சார் நெடுநேரம் மூக்கைத் தேய்த்தார். பிறகு நியாயமான மனுஷராக ஒரு முடிவுக்கு வந்தார்.

“டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். ஷா, மேலே ஏறு.”

இந்தத் திட்டத்தில் எனக்கு இப்படி ஒரு வேஷம் இருக்கிறது என்று முருகேசன் சொல்லவே இல்லை. பிஸ்மி சொல்லி ஏறினேன். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு குரலில் முனகியது. முருகேசன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, “கீழ பாக்காத பாய், ஏறு, யல்லா, யல்லா” என்றான். சீலிங்குக்குள் தலையை விட்டேன். ஏசி சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது.

கிளி சார் பட்டனை அழுத்தினார்.

அந்த ஒல்லிப்பயல் பந்தைப் பிடித்தான், விழுந்தான், எழுந்தான், எல்லைக்குள் போனான். டச்டவுன்! சோளப்பொரி மழையாகப் பெய்தது. கிளி சார் ஏணியைக் கட்டிக்கொண்டு குதித்தார். மேலே நான் இருக்கிறேன் என்பது அவருக்கு நினைவில்லை.

“லேடர்!” என்று கத்தினார். “இட் வாஸ் தி லேடர்!”

“யெஸ் சார். ஆல்வேஸ் லேடர் சார்,” என்றபடி முருகேசன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டான். எத்தனையோ வாரம் பையிலேயே கிடந்து அது நான்காக மடிந்து பொரித்த அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. எழுத இடமில்லை. முருகேசன் திரும்பிக் குனிந்து முதுகைக் கொடுத்தான். கிளி சார் அவன் முதுகில் வைத்து, ஒரு கண் டிவியில் இருக்க, கையெழுத்துப் போட்டார். “போய்விட்டு வா. பாப்பாவுக்கு என் அன்பைச் சொல்,” என்றார்.

கலாஸ், முடிந்தது. பாண்டி மடிக்கு இனி வேலை இல்லை.

ஆனால் ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பந்து எதிராளி கைக்குப் போனது. அவர்கள் அவசரமாக முன்னேறினார்கள். கிளி சார் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு கைகளையும் கோத்துத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அந்த வருடத்தில் முதல் முறையாக அவர் டீம் முன்னால் இருக்கிறது. சின்னப் பிள்ளை முகம் வந்துவிட்டது அவருக்கு.

எதிராளி டீமிலிருந்து உதைக்கிறவன் ஒருவன் மெதுவாக மைதானத்துக்குள் வந்தான். இரண்டு கம்பத்துக்கு நடுவே அவன் உதைக்கப் போகிறான். பந்து நடுவே போய்விட்டால் கொக்கு தோற்றது. நேற்றே உதைத்துவிட்டான். பந்து எங்கே போனது என்று உலகத்தில் தெரியாதவர்கள் கிளி சாரும் முருகேசனும்தான்.

நான் சீலிங்கிலிருந்து தலையை வெளியே எடுத்து, முருகேசனுக்குக் கையைக் காட்டினேன். போடா, வாசலைப் பார்த்துப் போ. மனுஷர் மனசு மாறி அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேட்பதற்குள் ஓடு. உயரத்தில் நிற்கிற பயத்தில் என் திங்கட்கிழமை முகத்தை மறந்துபோனேன். முருகேசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கதவு வரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். திரும்பி டிவியைப் பார்த்தான். உதைக்கிறவன் மூன்று எட்டு பின்னால் நகர்ந்து நின்றுகொண்டிருந்தான். கிளி சார் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

முருகேசன் காகிதத்தைப் பனியனுக்குள் செருகினான். கையில் இருந்த ஏசித் தூசியைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்தான். சோபாவுக்குப் பின்னால் ஓசையில்லாமல் வந்து நின்று, “ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல, ஒரே நிமிஷம்” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு, கிளி சாரின் இரண்டு கண்களையும் இரண்டு கைகளாலும் மெதுவாகப் பொத்தினான்.